நனையாத இலைக்குத் தெளிப்பான் எதற்கு? மெய்டன்ஹேர் ஃபெர்ன் கருகுவதும் மீண்டும் தழைப்பதும்

கேள்வியைச் சுருக்கினால் இப்படி: மெய்டன்ஹேர் ஃபெர்ன் (பெரணி வகைச் செடி) வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வாங்கியபோது தொட்டியே தெரியாத அளவுக்கு அடர்த்தி. தினமும் மூன்று வேளை தெளிப்பானால் தண்ணீர் அடித்தும், இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பாகிச் சுருண்டு, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கின்றன. காம்புகள் கறுப்பாக இருக்கின்றன, அழுகலா? இலைக்கு அடியில் ஓரமாகப் பழுப்புத் திட்டுகள், பூச்சியா? இனி இதைக் காப்பாற்ற முடியுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பழுப்புத் திட்டு பூச்சி இல்லை. கறுப்புக் காம்பும் நோய் இல்லை, அதன் பிறவி நிறமே அதுதான். கறுத்து மினுங்கும் அந்த மெல்லிய காம்பைப் பார்த்துத்தான் இந்தச் செடிக்குப் பெண்ணின் கூந்தல் என்று பெயர் வைத்தார்கள் என்பார்கள். இலை கருகியது தாகத்தால். மூன்று வேளை தண்ணீர் கொடுத்தேனே என்றால், கொடுத்த இடம்தான் சரியில்லை.

இதன் தாவரவியல் பெயர் அடியாண்டம். 'நனையாதது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு தழையை ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் முக்கிப் பாருங்கள். இலையின் மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு வெள்ளி பூசியது போல மினுங்கும். வெளியே எடுத்து ஒரு உதறு உதறினால் துளிகள் உருண்டு ஓடிவிடும், இலை காய்ந்தே இருக்கும். தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்வோமே, அதே கதைதான். அப்படிப்பட்ட இலையின் மேல் தெளிக்கும் தண்ணீரைச் செடி குடிப்பதில்லை. சரி, சுற்றியுள்ள காற்றாவது ஈரமாகுமே என்றால், ஆகும், சில நிமிடங்களுக்கு. அறைக் காற்று அந்த ஈரத்தை உடனே வாரிக்கொண்டு போய்விடும். தெளிப்பதில் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் தெளித்துவிட்டோம் என்ற நிம்மதியில் மண்ணைத் தொட்டுப் பார்க்க மறந்துவிடுகிறோமே, அங்கேதான் செடி போகிறது.

இந்தச் செடி இயற்கையில் எங்கே வளர்கிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அருவிக்குப் பக்கத்துப் பாறை இடுக்கு, நீர் கசியும் சுண்ணாம்புப் பாறை, ஓடைக்கரையின் நிழல், பழைய கிணற்றின் உட்சுவர். அங்கெல்லாம் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்காமல் கசிந்து வந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் தேங்காமல் வடிந்துகொண்டும் இருக்கும். வேருக்கு எப்போதும் ஈரம், எப்போதும் காற்று. நாம் தொட்டியில் செய்ய வேண்டியது இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது. சொல்வதற்கு எளிது. செய்யும்போது ஒன்று காயப்போட்டு விடுவோம், இல்லையென்றால் பயந்துபோய் சதுப்பாக்கி விடுவோம்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. பீஸ் லில்லி போன்ற செடிகள் தாகம் எடுத்தால் தலை தொங்கி நம்மிடம் சொல்லிவிடும், தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்தும்விடும். மெய்டன்ஹேருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. காம்பு கம்பி போல விறைப்பானது, தண்ணீர் இல்லாவிட்டாலும் நிமிர்ந்தே நிற்கும். சிற்றிலைகள் மட்டும் முதலில் பளபளப்பு குறைந்து, காகிதம் போலச் சலசலத்து, பிறகு உள்ளே மடிந்துகொள்ளும். அந்தச் சலசலப்பு வந்த பிறகு அந்தத் தழை திரும்பாது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காய்ந்த இலை பச்சையாகாது. அதனால் இலையைப் பார்த்து முடிவு எடுக்கும் செடி இல்லை இது. மண்ணைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் ஒரு முறை நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தேன். போகும்போது நன்றாக ஊற்றிவிட்டுத்தான் போனேன் என்று நினைப்பு. திரும்பி வந்து தொட்டியைத் தூக்கினேன், காலி டப்பாவைத் தூக்குவது போல வந்தது கையோடு. பதறிப்போய் மேலே தண்ணீர் ஊற்றினேன், பத்து விநாடியில் அடித்துளை வழியாக அத்தனையும் வெளியே வந்துவிட்டது. வேர்க்கட்டியைத் தொட்டியோடு கவிழ்த்து உருவிப் பார்த்தால், மேலே ஒரு விரற்கடை ஈரம், உள்ளே கட்டி முழுக்கப் புழுதி. நர்சரிகளில் இந்தச் செடியைப் பெரும்பாலும் பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கலந்த மண்கலவையில் வளர்ப்பார்கள். பீட் ஈரமாக இருக்கும்வரை தங்கமானது. ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளத் தொடங்கிவிடும். கட்டி சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் அதற்கும் நடுவே சந்து விழும். ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கிப் போய்விடும். தட்டில் தண்ணீர் வந்ததைப் பார்த்து நாம் திருப்தி அடைவோம், வேருக்கு ஒரு சொட்டுகூடப் போயிருக்காது. தினமும் ஊற்றுகிறேன், இருந்தும் காய்கிறது என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் தொட்டியிலும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வழி இருக்கிறது. ஒரு வாளியில் சாதாரண அறை வெப்பத் தண்ணீர் எடுத்து, தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை அமிழும்படி வையுங்கள். முதலில் மிதக்கப் பார்க்கும், கையால் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். குமிழிகள் வரும். 20 முதல் 30 நிமிடம் விட்டால் குமிழி நின்று, மண்ணின் மேற்பரப்பு கறுத்து ஈரமாகும். எடுத்து, துளை வழியாகத் தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை வடியவிட்டு, அப்போது ஒரு முறை தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்தால் போதும். கனம் குறையத் தொடங்கியது கையில் தெரிந்ததும், மேல்மண் லேசாக உலரப் பார்க்கும் அந்த நேரத்தில், அடியில் வழியும்வரை ஊற்றிவிடுங்கள். கிழமை பார்த்து ஊற்றும் கணக்கெல்லாம் இதற்கு ஒத்துவராது. வெயில் காலத்தில் தினமும் கேட்கும், குளிர் காலத்தில் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை போதும் என்று இருக்கும். சிறிய தொட்டி சீக்கிரம் காயும், மின்விசிறிக் காற்று படும் தொட்டி அதைவிடச் சீக்கிரம் காயும்.

அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் மறதிக்காரர்களுக்கும் திரி முறையைச் சொல்வேன். ஒரு பருத்தி அல்லது நைலான் கயிற்றின் ஒரு நுனியை வேர்க்கட்டிக்குள் செருகி, மறுநுனியை அடித்துளை வழியாகக் கீழே உள்ள தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட வேண்டும். தொட்டி தண்ணீருக்கு மேலே நிற்கும், தண்ணீரில் உட்காராது. மண் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு ஏறும். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போலத்தான். பருத்தி சில மாதங்களில் மக்கிவிடும், நைலான் நாள்பட உழைக்கும். நான் இந்த முறைக்கு மாறிய பிறகு என் செடிகள் அவ்வளவாகக் கருகவில்லை.

தட்டில் தண்ணீர் தேக்கி வைக்கலாமா என்பதில் வளர்ப்பவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ஒரு விரல் அகலத் தண்ணீர் எப்போதும் தட்டில் இருக்கட்டும் என்று வைத்து, பிரமாதமாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில் வேகமாகக் குடிக்கும் பெரிய செடிக்கு அது சரிப்பட்டு வரும். இலை உதிர்ந்து நோஞ்சானாக இருக்கும் செடியை அப்படி வைத்தால், குடிக்க இலை இல்லாமல் மண் நாறத் தொடங்கிவிடும். என் முதல் செடியை அப்படித்தான் இழந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். தாகத்துக்கும் அழுகலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தாகத்தில் இலை மொறுமொறுவென்று பழுப்பாகும், மண் லேசாக இருக்கும். அழுகலில் இலை முதலில் மஞ்சளாகித் துவளும், மண் கனமாக இருக்கும், தொட்டியை முகர்ந்தால் சாக்கடை வாடை வரும், வேர் கறுத்து விரலால் இழுத்தால் உரிந்துவரும். ஆரோக்கியமான வேரும் கரும்பழுப்பாகத்தான் இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், இழுத்துப் பாருங்கள்.

இப்போது கருகிய தழைகளை என்ன செய்வது என்பது. பாதிக்கு மேல் கருகிவிட்டால் கூச்சப்படாமல் மொட்டை அடித்துவிடலாம். கூர்மையான கத்தரிக்கோலால் மண்ணிலிருந்து 2, 3 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு காம்பாக வெட்டுங்கள். மண்ணுக்குச் சற்று அடியில் படுக்கையாக ஓடும் கிழங்குத் தண்டு ஒன்று இருக்கிறது. உண்மையில் செடியின் உயிர் அங்கேதான். அதை லேசாக அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. கூழாக இருந்தால்தான் கதை முடிந்தது. பாதிக்குக் குறைவாகக் கருகியிருந்தால் கருகியதை மட்டும் அடியோடு எடுங்கள். மொட்டை அடித்தால் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பச்சையாக உள்ள தழையையும் வெட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். புதுத் தளிர் வரும்வரை கிழங்குக்குச் சோறு போடுவது மிச்சமிருக்கும் அந்த நாலு பச்சைத் தழைதான்.

வெட்டிய பிறகு தொட்டியை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியாலோ, தெளிவான பிளாஸ்டிக் பையாலோ மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தினமும் சில நிமிடம் திறந்து காற்று மாற்றுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது என்பதால் ஊற்றும் அளவைக் குறைத்துவிடுங்கள். உரம் கூடவே கூடாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் தளிர் வரலாம். நான் மேலே சொன்ன அந்த நான்கு நாள் புழுதிக் கட்டிக்கு 19-ஆம் நாள் வந்தது: நத்தை ஓடு போலச் சுருண்டு, குண்டூசித் தலை அளவுக்கு, மண்ணோடு மண்ணாக ஒரு பழுப்புச் சுருள். தேடாமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. விரலால் தொடாதீர்கள், அந்த வயதில் கையே பகை. இரண்டு மாதம் வரை காத்திருக்கலாம், அதற்கு முன் குப்பையில் போட வேண்டாம். தளிர்கள் விரிந்த பிறகு மூடியை ஒரேயடியாக எடுக்காமல், முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று பத்துப் பதினைந்து நாளில் பழக்குங்கள். மூடிக்குள் பிறந்த தழை வெளிக்காற்றைப் பார்த்ததே இல்லை.

வாங்கிய சில வாரங்களில் கொட்டுவதற்கும் இதே காரணம்தான். நர்சரியில் ஈரக் காற்றுக் கூடாரத்துக்குள் வளர்ந்த தழை, வீட்டு அறைக்குள் வந்ததும் திணறும். கொஞ்சம் உதிர்ந்தால் பதறி இடத்தை மாற்றாதீர்கள். ஜன்னல், வரவேற்பறை, குளியலறை என்று ஊர்வலம் விட்டால் எந்த இடத்துக்கும் பழகாது. புதிதாக வரும் தளிர் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அது இங்கேயே பிறந்தது, இந்தக் காற்றுக்கு ஏற்றபடி விரியும்.

காற்றின் ஈரம் பற்றி நான் மற்றவர்கள் அளவுக்கு மிரட்ட மாட்டேன். 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டினால் மிக நல்லது. ஆனால் மண் ஒரு நாளும் காயாத தொட்டியில், 45 சதவீதக் காற்றிலும் இது ஓரளவு தாக்குப்பிடித்து வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மாறாக, 70 சதவீதக் காற்றில் ஒரு முறை மண் காய்ந்தாலும் போய்விடும். முதலில் மண், அப்புறம் காற்று. ஏசி, ஹீட்டர், மின்விசிறி ஆகியவற்றின் நேர்க்காற்று மட்டும் படவே கூடாது, அந்தக் காற்று இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றிய தட்டைத் தொட்டிக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள், அதனால் பெரிய பலன் இல்லை. நாலைந்து செடிகளைச் சேர்த்து நெருக்கமாக வைப்பது அதைவிடப் பரவாயில்லை. ஜன்னல் உள்ள குளியலறை அருமையான இடம். ஜன்னல் இல்லாத குளியலறை வெறும் ஈரமான இருட்டு.

காற்று மிகவும் வறண்ட வீட்டுக்குக் கண்ணாடிப் பெட்டிதான் விடை. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே ஒரு ஃபெர்ன்தான். 1829-இல் லண்டனில் நத்தானியல் பாக்ஷா வார்டு என்ற மருத்துவர், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சி எப்படி வெளிவருகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அந்த மண்ணிலிருந்து ஒரு ஃபெர்னும் ஒரு புல்லும் முளைத்தன. அவருடைய தோட்டத்தில் புகைக்காற்று தாங்காமல் ஃபெர்ன்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மூடிய பாட்டிலுக்குள் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குவதைப் பார்த்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 1833-இல் அப்படிப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்துக் கப்பலில் சிட்னி வரை அனுப்பினார், உயிரோடு போய்ச் சேர்ந்தன. இன்றைய டெரேரியம் அதன் பேரன். மெய்டன்ஹேரை அதில் வைத்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நேர் வெயில் பட்டால் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். காலையில் கண்ணாடியில் பனித்துளி இருந்து மதியத்துக்குள் தெளிந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. நாள் முழுக்க மங்கியே இருந்தால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

வெளிச்சம். நிழல் விரும்பும் செடி என்று சொல்லிச் சொல்லி, அதை அலமாரி மூலையில் வைத்துக் கொன்றவர்கள் நிறைய பேர். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாளை சௌகரியமாக வாசிக்க முடிகிற இடம் இதற்குச் சரி. காலை இளவெயில் சல்லடையாக ஒரு மணி நேரம் பட்டால் பிரச்சினை இல்லை. மதிய வெயில் அரை மணி நேரத்தில் இலையை வெளுக்கவைத்துவிடும். இந்த இனத்திடம் ஒரு விசித்திரமும் உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்கள் நீல ஒளியைப் பார்த்துத்தான் அந்தப் பக்கம் சாயும். மெய்டன்ஹேர் சிவப்பு ஒளிக்கும் சாயும். அதற்கான நியோக்ரோம் என்ற புரதத்தை 1998-இல் இந்தச் செடியில்தான் கண்டறிந்தார்கள். அதற்கான மரபணு, ஹார்ன்வோர்ட் என்ற பாசி போன்ற சிறு தாவரத்திலிருந்து ஃபெர்ன்களுக்குத் தாவி வந்திருக்கிறது என்று 2014-இல் ஒரு ஆய்வு காட்டியது. மரங்களுக்கு அடியில், மற்ற இலைகள் தின்று மிச்சம் வைத்த வெளிச்சத்தைப் பொறுக்கிப் பிழைக்க இது உதவுகிறதாம். நமக்கு இதனால் என்ன என்றால், செடி ஜன்னல் பக்கமே சாய்ந்து ஒருக்களித்துவிடும், வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். ஜன்னல் வசதி இல்லாதவர்கள் சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஒரு முழ உயரத்தில் தினம் 10, 12 மணி நேரம் எரியவிடலாம்.

வெப்பம் 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் என்றால் சந்தோஷமாக இருக்கும். அதற்கு மேலும் வளரும், தண்ணீர் அதிகம் கேட்கும், அவ்வளவுதான். 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகை என்று சொன்னதும், உங்கள் பழுப்புத் திட்டுக்கு வருகிறேன். அடியாண்டத்தில் 200-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. வீட்டுச் செடியாக விற்பது பெரும்பாலும் ராடியானம், வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. அடுத்தது கேபில்லஸ்-வெனரிஸ், அதாவது 'வீனஸின் கூந்தல்', உலகின் பல கண்டங்களில் தானாகவே வளர்வது. இரண்டையும் பிரிக்க நீங்கள் பூச்சி என்று நினைத்த அந்தத் திட்டே போதும். ஒரு சிற்றிலையைத் திருப்பி, வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இலையின் ஓரமே உள்பக்கமாக மடிந்து ஒரு சின்னப் பை போல இருக்கும். அதற்குள் இருப்பவை ஸ்போர்கள். பூவும் விதையும் இல்லாத இந்தச் செடிக்கு இனம் பெருக்குவது அவைதான். மடிப்பு வட்டமாகவோ சிறுநீரக வடிவிலோ இருந்தால் ராடியானம், நீளவாக்கில் இருந்தால் கேபில்லஸ்-வெனரிஸ். செதில் பூச்சி வேறு மாதிரி: ஓரத்தில் ஒழுங்காக வரிசை கட்டாது, காம்பிலும் நரம்பிலும் கண்டபடி ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் பெயர்ந்து வரும், இடம் பிசுபிசுக்கும்.

இந்த வகைப் பிரிவுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் ஆகாது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கேபில்லஸ்-வெனரிஸ் சுண்ணாம்புப் பாறையில் வளரும் செடி, சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீரை அது ஒன்றும் சொல்லாது. ராடியானத்துக்குச் சற்றே அமிலத் தன்மை பிடிக்கும், மழைத் தண்ணீர் கிடைத்தால் குஷி. இரண்டுக்குமே ஆகாதது, உப்புப் போட்டு மென்மையாக்கும் கருவியிலிருந்து வரும் தண்ணீர். அதில் சோடியம் சேர்ந்து வேரைக் கெடுக்கும். குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும், ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது. பெடாட்டம் என்ற குளிர்நாட்டு வகை ஒன்று இருக்கிறது, மயில் விரித்தது போல அழகு. அது குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் தோட்டச் செடி, வீட்டுக்குள் வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

மண்ணுக்கு நான் தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் குருணைக் கல்) ஒரு பங்கு கலக்கிறேன். நார்த்தூளைக் கழுவி உப்பை எடுத்துவிட வேண்டும். பீட் போல இது காய்ந்தாலும் அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது, திரும்ப நனைந்துவிடும். சுடுமண் தொட்டி பார்க்க அழகு, ஆனால் சுவர் வழியாகவே ஈரத்தை வெளியேற்றிவிடும். இந்த ஒரு செடிக்கு மட்டும் பிளாஸ்டிக் தொட்டிக்கே என் ஓட்டு. அதை வேண்டுமானால் அழகான பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள், அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் ஆழமாகப் போகாது, பெரிய தொட்டி தேவையில்லை. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை, 2, 3 செ.மீ. மட்டும் அகலமான தொட்டிக்கு மாற்றினால் போதும். கிழங்குத் தண்டைப் பழைய மட்டத்துக்குக் கீழே புதைக்காதீர்கள்.

உரம் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை, பொட்டலத்தில் போட்டிருப்பதில் கால் பங்கு அளவு, அதுவும் ஈர மண்ணில். அதிகமானால் இலை நுனிகள் வரிசையாகக் கருகும், அதைத் தாகம் என்று தப்பாகப் படித்துவிடுவோம்.

பூச்சி வந்தால் கையாலும் தண்ணீராலும் முடிந்தவரை பாருங்கள். மாவுப்பூச்சியை ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியால் எடுக்கலாம், அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டலாம். மோசமாகப் பிடித்த தழையை வெட்டிவிடுவதே மேல், புதிது வரும். வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல், இலைக்குப் பளபளப்புத் தரும் தெளிப்பு எல்லாம் இந்த மெல்லிய இலைக்கு ஆகாது. மருந்தே கருக்கிவிடும். மண்ணில் பறக்கும் பொடி ஈக்களுக்கு பசை தடவிய மஞ்சள் அட்டை வையுங்கள். வீட்டில் பூனை, நாய் இருந்தால் பயம் வேண்டாம், அவற்றுக்கு இது நஞ்சில்லை. ஆனால் பூனை இதன் ஆடும் தழையை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கும்.

ஸ்போரிலிருந்து வளர்ப்பது பொறுமைசாலிகளின் வேலை. முதிர்ந்த தழையை வெள்ளைத் தாளில் ஓரிரு நாள் வைத்தால் பழுப்புத் தூள் உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஈர நார்த்தூள் மேல் அதைத் தூவி, மூடி வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களில் பச்சைப் படலம், பிறகு இதய வடிவில் நகக்கண் அளவுக்கும் குறைவான பச்சைத் தகடுகள். அதன் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆண் அணு நீந்திப்போய்க் கரு உண்டாகும். ஃபெர்ன் என்று சொல்லும்படி ஒன்று எழ மாதங்கள் ஆகும். அவசரம் என்றால் பிரித்து நடுவதுதான் வழி. புதுத் தளிர் எழும் பருவத்தில் வேர்க்கட்டியை வெளியே எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் கிழங்குத் தண்டும் சில தழைகளும் வரும்படி கூரிய கத்தியால் வெட்டி, தனித்தனியாக நட்டு, இரண்டு வாரம் மூடி வையுங்கள். ரொம்பச் சின்னத் துண்டாகப் போட்டால் மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும்.

செடி நன்றாக இருக்கும்போதே ஒரு துண்டு பிரித்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள். என் முதல் செடியை நான் அப்படி ஒரு நண்பருக்குப் பாதி கொடுத்திருந்தேன். அதற்கடுத்த வருடம் நீண்ட பயணம் ஒன்று. பழைய அனுபவத்தில் பயந்து, மொட்டை அடித்து அப்போதுதான் தளிர்த்துக்கொண்டிருந்த தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். மூன்று வாரம் கழித்து வந்தால் கிழங்கு கூழாகியிருந்தது, அறையெல்லாம் வாடை. நண்பர் அவருடைய பாதியைக் குளியலறை ஜன்னலில் வைத்திருந்தார், தெளிப்பான் அவர் வீட்டில் கிடையவே கிடையாது. குளிக்கப் போகும்போதெல்லாம் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருந்தால் குழாயடியில் வைத்துவிட்டு வருவாராம். அதில் ஒரு துண்டை வெட்டி வாங்கி வந்தேன். இப்போது திரி போட்டு என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.